வெற்றுச் சுருளும் ஒற்றைப் பாதமும்: ஜப்பானில் ஆறு நாள் நாடகம்

முதல் நாள்: கின்ஸா, டோக்கியோ

நண்பன் டோக்கியோவில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு தடவைகூடக் கபுகி நாடகம் பார்த்ததில்லை. "நாலு மணி நேரம் உட்காரணும்டா. பழைய ஜப்பானிய மொழி வேற. இங்க பிறந்தவங்களுக்கே பாதி புரியாது" என்று சொல்லிவிட்டு அலுவலகம் கிளம்பிவிட்டான். தனியாகத்தான் போனேன்.

ஹிகாஷி கின்ஸா ரயில் நிலையத்தில் இறங்கினால் மேலே ஏறவே வேண்டாம், கபுகி-ஸா அரங்கத்தின் அடித்தளத்துக்கே வழி கொண்டுபோய் விடுகிறது. விசிறி, கைக்குட்டை, தின்பண்டம் என்று திருவிழாக் கடைகள் மாதிரி ஒரே கும்பல். இருந்தாலும் வெளியே போய் முகப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். வளைந்த கூரையும் வெள்ளைச் சுவருமாக ஒரு பழைய மாளிகை, அதன் முதுகில் 29 மாடிக் கோபுரம். 1889-இல் தொடங்கிய அரங்கம் இது. தீ, நிலநடுக்கம், போர் என்று எல்லாவற்றையும் பார்த்து, இப்போது நிற்பது ஐந்தாவது கட்டடம். 2013-இல் திறந்தார்கள்.

முழுக் காட்சிக்கு நல்ல இருக்கை வேண்டுமென்றால் 15,000 யென்னுக்கு மேல் ஆகும். என்னைப் போன்றவர்களுக்காக இன்னொரு வழி இருக்கிறது. ஒரு காட்சியில் இரண்டு மூன்று நாடகங்கள் வரும். அதில் ஒன்றை மட்டும் பார்க்க, நான்காவது மாடியில் கூரையை ஒட்டினாற்போல் இருக்கும் கடைசி வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். 'ஹிதோமகுமி' என்று பெயர். 'ஒரு திரை பார்ப்பது' என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம், இரண்டாயிரம் யென்னில் முடிந்துவிடும். காட்சிக்கு முந்தைய நாள் மதியம் 12 மணிக்கு இணையத்தில் விற்பனை திறக்கும். தனி வாசல், தனி லிஃப்ட். கீழ்மாடிகளுக்கு இறங்க அனுமதி இல்லை.

நான் எடுத்தது 'கஞ்சின்ச்சோ'. ஏழாம் இச்சிகாவா தன்ஜூரோ 1840-இல் முதலில் மேடையேற்றியது. கதை தெரியாமல் போனால் ஒன்றும் பிடிபடாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் யொரிதோமோவின் ஆட்கள் துரத்த, தம்பி யோஷிட்சுனே வடக்கே தப்பி ஓடுகிறான். கூட வருபவர்கள் மலைத்துறவிகளின் வேடத்தில். அவனுக்குச் சுமைகூலி வேடம். அதாக்கா என்னும் இடத்தில் சோதனைச் சாவடி, காவல் தலைவன் தொகாஷி. "நாராவில் உள்ள தோதாய்ஜி கோயிலைத் திரும்பக் கட்ட நன்கொடை வசூலிக்கிறோம்" என்கிறான் மெய்க்காவலன் பெங்கெய். "அப்படியானால் நன்கொடைக்கான வேண்டுகோள் ஓலையைப் படி பார்க்கலாம்" என்கிறான் தொகாஷி. ஓலை ஏது? பெங்கெய் ஒரு வெற்றுச் சுருளை எடுத்து விரித்து, கோயிலின் வரலாறு, பேரரசரின் துயரம் என்று பெரிய குரலில் தங்குதடையில்லாமல் 'வாசிக்கிறான்'.

தொகாஷி ஓசைப்படாமல் பக்கத்தில் நகர்ந்து எட்டிப் பார்க்கிறான். பெங்கெய் சட்டென்று சுருளை மறைக்கிறான். இருவரும் அப்படியே உறைகிறார்கள். அந்த அரை நொடி இடைவெளியில் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். தூக்கிவாரிப் போட்டது. நடிகரின் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்! தன்ஜூரோ வம்சத்துக்கு 'நரிதாயா', கிகுகோரோ வம்சத்துக்கு 'ஒதொவாயா' என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூப்பிடு பெயர் உண்டு. இப்படிக் குரல் கொடுக்கும் தேர்ந்த ரசிகர்கள் பெரும்பாலும் விலை குறைந்த மேல்மாடிக்காரர்கள்தான். குரல் ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் காட்சி கெட்டுவிடும். நடிகரின் மூச்சு இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் பெங்கெய் தன் எஜமானனையே தடியால் அடிக்கிறான், 'சோம்பேறிக் கூலிக்காரா' என்று. எந்த வேலைக்காரன் எஜமானனை அடிப்பான்? சந்தேகம் போக வேண்டும், அதற்குத்தான். தொகாஷிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தெரிந்தே வழி விடுகிறான். அதற்குத் தன் உயிரே விலை என்றும் அவனுக்குத் தெரியும். இதை அவன் வசனமாகச் சொல்வதில்லை. முகத்தை மேலே தூக்கிக் கண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறான், அவ்வளவுதான்.

கடைசிக் கட்டம்தான் இந்த நாடகத்தின் பேர்போன கட்டம். பார்வையாளர்களுக்கு நடுவே, இடப்பக்கமாக மேடை வரை ஒரு நீண்ட நடைபாதை போகிறது. அதற்கு 'ஹனமிச்சி' என்று பெயர், அதாவது பூவழி. எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு, திரை தன் பின்னால் மூடிக்கொள்ள, பெங்கெய் மட்டும் அதில் தனியாக நிற்கிறான். தலை வணங்குகிறான். பிறகு ஒற்றைக் காலில் தாவித் தாவி அந்த வழி முழுக்க ஓடி மறைய வேண்டும்.

நான்காவது மாடியிலிருந்து ஹனமிச்சியின் மேடைப் பக்கத்துத் துண்டு மட்டும்தான் தெரியும். அவன் முதல் தாவல் தாவினான். நான் என்னை அறியாமல் இருக்கையின் நுனிக்கு வந்து எக்கிப் பார்த்தேன். யாரோ தோளை மெல்லத் தொட்டார்கள். அரங்க ஊழியப் பெண். முதுகைச் சாய்த்து உட்காரும்படி கையால் காட்டினார். முன்னால் குனிந்தால் பின்வரிசைக்காரருக்கு மறைக்கும், ஜப்பானிய அரங்கங்களில் அது பெரிய தப்பு. ஆரம்பத்தில் ஒலிபெருக்கியில் சொன்னது இதைத்தானோ என்னவோ. நான் வெட்கப்பட்டுச் சாய்ந்து நிமிர்வதற்குள் மனிதர் எங்கள் காலடிக்குக் கீழே போய்விட்டார். பலகையில் பாதம் விழும் ஓசை, அதற்கு இசைவாக மரக்கட்டைகளைத் தரைப்பலகையில் அடிக்கும் 'பட்டா பட்டா', கீழே முன்னாலிருந்து பின்னால் உருண்டுபோகும் கைதட்டல். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. பக்கத்துப் பெரியவரைப் பார்த்தேன். அவர் எக்கவே இல்லை. நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்: டோக்கியோ

மழை. நோ என்னும் முகமூடி நாடகத்துக்கு டிக்கெட் நாளைக்குத்தான். மதியம் ஒரு பல்பொருள் அங்காடியின் அடித்தளத்தில் 'சுகெரோகு' என்ற சாப்பாட்டுப் பெட்டி வாங்கினேன். பொரித்த தோஃபுப் பைக்குள் அடைத்த சோறு பாதி, கடற்பாசியில் சுற்றிய சோறு பாதி. பெயருக்குப் பின்னால் ஒரு குறும்பு இருக்கிறது. சுகெரோகு ஒரு கபுகி நாயகன். அவன் காதலி பெயர் அகெமகி. 'அகெ' என்றால் பொரித்தது, 'மகி' என்றால் சுற்றியது. காதலி பெட்டிக்குள்ளே, காதலன் பெயர் மூடிமேலே.

சாப்பிட்டுக்கொண்டே நேற்றைய யோஷிட்சுனேவை நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய குரல், வெள்ளை முகம், பெண்வேடம் பழகிய உடம்பு. கபுகியைத் தொடங்கி வைத்தவளே ஒரு பெண். இஸுமோ நோ ஒகுனி, 1603 வாக்கில், கியோத்தோவில். 1629-இல் ஆட்சியாளர்கள் பெண்கள் மேடையேறத் தடை போட்டார்கள். தடை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் பெரிய கபுகி மேடைகளில் இன்றும் பெண்வேடம் ஆண்களுக்குத்தான். அந்தக் கலை எவ்வளவு நுட்பமாக வளர்ந்திருக்கிறது என்று வியக்கலாம்தான். எனக்கு ஒகுனியை நினைத்தால் உறுத்துகிறது.

மூன்றாம் நாள்: செந்தகாயா

"நோவா? போய் நல்லாத் தூங்கிட்டு வா" என்றான் நண்பன்.

தேசிய நோ அரங்கம் 1983-இல் திறந்தது. செந்தகாயா நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. உள்ளே போனால் விசித்திரமான காட்சி. கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடம்: கூரை போட்ட மேடை. வெட்டவெளியில் ஆடிய காலத்தின் மிச்சமாம் அந்தக் கூரை. நான்கு தூண், பின்சுவரில் தீட்டிய ஒரே ஒரு முதிய பைன் மரம், இடப்பக்கம் ஒரு நீண்ட பாலம், அதன் ஓரம் மூன்று சிறு பைன் மரங்கள். முன்திரை கிடையாது, காட்சி ஜோடனை கிடையாது. முந்தாநாள் கபுகி மேடையிலும் இதே பைன் மரம் பின்னால் இருந்தது. 'கஞ்சின்ச்சோ'வே 'அதாக்கா' என்ற நோ நாடகத்திலிருந்து எடுத்ததுதான். மரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கிடைத்தது நடுக்கோண இருக்கை. மலிவு. ஏன் மலிவு என்று உட்கார்ந்ததும் தெரிந்தது: நேர் எதிரே தூண். ஆனால் அந்தத் தூணை எடுக்க முடியாது. முகமூடியின் கண்துளை மிகச் சிறியது, நடிகர் மேடையில் தான் எங்கே நிற்கிறோம் என்று இந்தத் தூணைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார். அவருக்குக் கண், எனக்கு மறைப்பு. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் கியோகென் என்னும் நகைச்சுவை நாடகம், 'புசு'. எஜமானர் வெளியூர் போகிறார். "இந்த ஜாடியில் இருப்பது கொடிய விஷம், அதன் மேல் பட்டு வரும் காற்றே ஆளைக் கொல்லும்" என்று வேலைக்காரர்கள் இருவரையும் எச்சரித்துவிட்டுப் போகிறார். அவர்கள் காற்று தங்கள்மேல் படாமல் விசிறிக்கொண்டே ஜாடியை நெருங்குகிறார்கள். "விசிறு, விசிறு!" "விசிறுறேன், விசிறுறேன்!" நாலடி போவது, அலறி ஓடிவருவது, மறுபடி நாலடி. உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகு. நக்கித் தீர்த்துவிடுகிறார்கள். அதன்பின் எஜமானரின் ஓவியச் சுருளைக் கிழித்து, பெரிய கிண்ணத்தைப் போட்டு உடைத்துவிட்டு, அவர் வந்ததும் அழுகிறார்கள்: "தப்புப் பண்ணிட்டோம் சாமி, சாகலாம்னு அந்த விஷத்தைச் சாப்பிட்டோம், சாகவும் மாட்டேங்குது!" பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்திருந்தது. அவர்களோடு சேர்ந்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். மொழி தெரியாதது ஒரு குறையாகவே இல்லை.

இடைவேளைக்குப் பின் நோ, 'அவோய் நோ உஎ'. முதலில் பாலத்தின் கோடியில் மூடியிருக்கும் ஐந்துநிறத் துணிக்குப் பின்னாலிருந்து குழலும் மேளங்களும் சுருதி சேர்க்கும் சத்தம் கசிந்து வந்தது. இரண்டு கைமேளங்களில் பெரியதன் தோலை ஆட்டத்துக்கு முன் கரியடுப்பில் காய்ச்சி எடுப்பார்களாம். சின்னதற்கு நேர்மாறாக ஈரப்பதம் வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த 'கண்' என்ற ஓசை உடனே பிடித்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் நடுவே மேளக்காரர்கள் "யோ...ஓ", "ஹோ" என்று இழுக்கும் குரல் மட்டும் பழக நேரமாயிற்று.

பிறகு ஒருவர் சத்தமில்லாமல் வந்தார். மடித்த பூவேலைப் பட்டங்கி ஒன்றை மேடையின் முன்விளிம்பில் நீளவாக்கில் விரித்தார். போய்விட்டார்.

அதுதான் அவோய். நாடகத்தின் பெயரே அவள் பெயர்தான். கெஞ்சி இளவரசனின் மனைவி, நோய்ப்படுக்கையில் கிடக்கிறாள். அவளாக நடிக்க ஆள் கிடையாது, அந்தத் துணிதான். அவளைப் பீடிக்க வருவது கெஞ்சியின் பழைய காதலி ரொகுஜோ. அவள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். பொறாமை தாங்காமல் அவளுடைய ஆவி மட்டும் உடம்பை விட்டு வெளியே வருகிறது. பாலத்தில் அவள் வந்து சேரவே நிமிடங்கள் ஆயின. வெள்ளைக் காலுறை தரையை விட்டு எழுவதே இல்லை, வழுக்கிக்கொண்டு வருகிறது. முகமூடியின் கண்களில் பொன் பூச்சு. முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் அது அழுகிறது, நிமிர்த்தினால் வெளிச்சம் விழுந்து வேறு முகமாகிறது. மரத்தில் செதுக்கிய அதே முகம்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எட்டுப் பேர் சேர்ந்து பாடும் அந்த அடித்தொண்டைப் பாட்டு ஆளைத் தாலாட்டிவிடுகிறது. பக்கத்தில் இருந்த அம்மா மடியில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வரிவரியாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். நோப் பாட்டைப் பொழுதுபோக்காகக் கற்பவர்கள் இங்கே நிறையப் பேர். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த கணவர் என்னைப் போலவே தலை தொங்கிக் கிடந்தார். அதைப் பார்த்ததில் ஓர் ஆறுதல்.

'கண்' என்று ஓர் அடி. விழித்தேன். மேடையில் இப்போது கொம்பு முளைத்த ஹன்யா முகமூடி. முனிவர் ஜெபமாலையை உருட்டி உருட்டி அவளைப் பின்னுக்குத் தள்ளுகிறார். அவள் திரும்பத் திரும்ப முன்னே வருகிறாள். நான் பார்த்தது அவர்களை அல்ல. அந்தத் துணி நான் தூங்குமுன் எப்படிக் கிடந்ததோ அப்படியே, ஒரு மடிப்புக்கூட மாறாமல் கிடந்தது. ஐயோ, அவளுக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று எனக்கு நிஜமாகவே பதைத்தது. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

முடிந்ததும் யாரும் உடனே கைதட்டவில்லை. நடிகர்கள் ஒவ்வொருவராகப் பாலத்தில் நடந்து திரைக்குள் போகும்வரை மேடை மெல்ல மெல்லக் காலியாகிறது. துணியை எடுத்து மடித்துக்கொண்டு போவதையும் உட்கார்ந்து பார்த்தேன்.

நான்காம் நாள்: ரயில்

ஷின்கான்சென்னில் ஒஸாகா, இரண்டரை மணி நேரம். ஃபூஜி மலை தெரியும் என்று வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கினேன். மேகம் தெரிந்தது.

ஐந்தாம் நாள்: நிப்பொம்பாஷி, ஒஸாகா

புன்ராகு என்னும் பொம்மலாட்டத்துக்கு ஒஸாகாதான் தாய்வீடு. தகெமோதோ கிதாயு என்ற பாடகர் 1684-இல் தோதொன்போரியில் தகெமோதோ-ஸா அரங்கத்தைத் தொடங்கினார், சிகாமட்சு மொன்சாயெமோன் அவருக்கு நாடகம் எழுதினார். இப்போதைய தேசிய புன்ராகு அரங்கம் 1984-இல் வந்தது, அதே பகுதியில்தான்.

கீழ்த்தளக் காட்சியறையில் பொம்மைத் தலைகளை வைத்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு பிடி, அதில் கண்ணுக்கும் புருவத்துக்கும் கயிறுகள். உள்ளே விசைச்சுருளாகத் திமிங்கில வாய்த் தகட்டை வைப்பது வழக்கமாம். ஒரு தலை அழகிய பெண்ணாக இருக்கிறது. கயிற்றை இழுத்தால் வாய் காதுவரை கிழிந்து கொம்பு முளைக்கிறது. ரொகுஜோவுக்கு முகமூடி மாற்ற வேண்டியிருந்தது, இவளுக்கு ஒரு விரல் போதும்.

நாடகம் 'சோனெசாகி ஷின்ஜூ', சிகாமட்சு 1703-இல் எழுதியது. சோயா சாஸ் கடைக் குமாஸ்தா தொகுபெய், விலைமாது ஒஹாட்சு. நண்பனுக்குக் கொடுத்த கடனை அவன் இல்லையென்று சாதித்து, தொகுபெய்யைத்தான் மோசடிக்காரனாக்கி அடித்துப் போடுகிறான். மானம் போய்விட்டது. இருவரும் சேர்ந்து சாவது என்று முடிவு.

கறுப்புடை ஆள் ஒருவர் வந்து "தோஸாய், தோஸா...ய்" என்று பாடகர் பெயரையும் ஷாமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர் பெயரையும் கூவினார். மேடைக்கு வலப்பக்கம் ஒரு சுழல் மேடை திரும்ப, இருவரும் உட்கார்ந்தபடியே தோன்றினார்கள். பாடகர் நாடகப் பிரதியை இரு கையாலும் நெற்றி வரை தூக்கி வணங்கினார். அதன்பின் அத்தனை பாத்திரமும் அவர் ஒருவரே. குமாஸ்தா, விலைமாது, அயோக்கியன், வேலைக்காரி, கதைசொல்லி எல்லாம் ஒரே தொண்டை. வயிற்றை இறுக்கிப் பட்டை கட்டி, உடைக்குள் மணல்பை வைத்துக்கொள்வார்களாம், அடிவயிற்றுக்குப் பாரம் வேண்டும் என்று. என் இருக்கை அவருக்குப் பக்கம். வேர்வை கன்னத்தில் இறங்குவது தெரிந்தது. அவரைப் பார்த்தால் பொம்மைகளைத் தவறவிடுகிறேன், பொம்மைகளைப் பார்த்தால் அவரை. கடைசிவரை இதற்கு ஒரு வழி கிடைக்கவில்லை.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால் ஒருவர். காலுக்குப் பத்து வருடம், இடக்கைக்குப் பத்து வருடம் பழகினால்தான் தலைக்கு வரலாம் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டுகிறவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு மறையவில்லை. உதவியாளர்கள் கறுப்பு முகமூடிக்குள் இருக்க, தலை பிடிப்பவர் மட்டும் திறந்த முகத்தோடு நிற்கிறார். அந்த முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை. துக்கம் முழுவதும் அவர் கையிலிருக்கும் மரத்தலையில். மருத்துவமனை வராந்தாக்களில் அப்படி நிற்கும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காட்சிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. இரவு, தென்மாயா என்னும் விலைமாதர் வீடு. ஒஹாட்சு தொகுபெய்யைத் தன் அங்கியின் மறைவில் அழைத்துவந்து, திண்ணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். மேலே எதிரி உட்கார்ந்து தொகுபெய்யைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறான். "இனி அவர் சாகத்தான் வேண்டும். அதற்கு அவருக்குத் துணிவு உண்டா, தெரியவில்லையே" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ஒஹாட்சு திண்ணைக்குக் கீழே பாதத்தை நீட்டுகிறாள். தொகுபெய் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தன் தொண்டையின் குறுக்கே வைத்து இழுக்கிறான். ஆம் என்பதற்கு அதுதான் பதில்.

இதில் ஒரு சங்கதி. புன்ராகுவில் பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் காலே கிடையாது. கால் பிடிப்பவர் அங்கியின் கீழ்விளிம்பைத் தன் முஷ்டிகளால் அசைத்து, நடப்பதையும் மண்டியிடுவதையும் காட்டிவிடுவார். நாம் இல்லாத காலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒஹாட்சுவுக்கு இந்த ஒரு காட்சிக்காக மட்டும் ஒரு பாதம். கையளவுகூட இல்லை, வெள்ளையாக, விளக்கொளியில் ஈரம்போல் மின்னியது. அது வெளியே வந்தபோது அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. தொகுபெய்யின் கை அதைத் தொட்டதும் அந்தப் பாதம் மிக லேசாகச் சிலிர்த்துக்கொண்டது. கறுப்பு முகமூடிக்குள் இருந்த யாரோ ஒருவரின் விரல் அது. அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கலாமா என்று தோன்றி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசிக் காட்சியில் காட்டுக்குள் நடக்கிறார்கள். விடியற்காலை மணியின் ஏழு அடிகளில் ஆறு அடித்தாயிற்று, மிச்சம் ஒன்று. அதையும் கேட்டுவிட்டால் இந்த உலகத்தில் கேட்க வேண்டியது முடிந்தது. மேலே ஓடிய ஜப்பானிய எழுத்து வரிகளை அக்கம்பக்கத்தார் எல்லோரும் அண்ணாந்து படித்தார்கள். எனக்குக் காதில் மாட்டிய விளக்கக் கருவி. அதைக் கழற்றிவிட்டேன்.

ஆறாம் நாள்: உமெதா

அந்தக் காடு இப்போது ஒஸாகாவின் நெரிசலான வணிகப் பகுதி. 1703-இல் உண்மையிலேயே ஒஹாட்சு, தொகுபெய் என்று இருவர் இங்கே இறந்தார்கள். ஒரு மாதத்திலேயே நாடகம் மேடையேறிவிட்டது. சேர்ந்து சாகும் நாடகங்கள் பெருகி, நிஜத்தில் சாவதும் பெருகியதால், இருபது வருடத்தில் அரசு இந்த வகை நாடகத்தையே தடை செய்தது. 'சோனெசாகி' பொம்மலாட்டமாகத் திரும்ப மேடையேறியது 1955-இல்.

மதுக்கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு கூரைத்தெரு வழியாகப் போனால் சின்னக் கோயில். அதிகாரப்பூர்வப் பெயர் வேறு, எல்லோரும் 'ஒஹாட்சு தென்ஜின்' என்றுதான் சொல்கிறார்கள். இருவரும் வெண்கலச் சிலையாக அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். காதல் கைகூட வேண்டிக்கொள்ள இளம்பெண்கள் வருகிறார்கள். சேர்ந்து செத்தவர்களிடமா வந்து வேண்டுவது என்று தோன்றியது. அவர்களுக்குத் தோன்றவில்லை.

வேண்டுதல் பலகைகளில் ஒரு வகையில் பெண் உருவம் வரைந்திருக்கிறது, கூந்தலும் உடையும் இருக்கிறது, முகம் மட்டும் வெற்று. நாமே வரைந்துகொள்ள வேண்டும். மாட்டியிருந்தவற்றில் ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை. ஒருத்தி கோபமாக, ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு. நானும் ஒன்று வாங்கினேன். இரண்டு புருவம் போட்டேன், ஒன்று மேலே ஏறிவிட்டது. கண் வரையத் துணிச்சல் வரவில்லை. அப்படியே பையில் வைத்துக்கொண்டேன்.

ரயிலில் நண்பனிடமிருந்து செய்தி: "அந்த நாலாவது மாடி டிக்கெட் எப்படிடா எடுக்கறது?" காட்சிக்கு முந்தைய நாள் மதியம் 12 மணிக்கு இணையத்தில் திறக்கும் என்று பதில் போட்டேன். சாய்ந்து உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.